பெயர் மாறிய என்ஜின்

முடிச்சூரில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு பாட்டி இருந்தார். தாம்பரம் ஸ்டேஷனுக்கு அவரோடு போனால், மின்சார ரயில் வருவதற்குள் பிளாட்பாரத்தின் ஓரத்தில் நின்று தண்டவாளத்தை ஒருமுறை உற்றுப் பார்ப்பார். என்ன பார்க்கிறார் என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன்.

"ஒண்ணுமில்லே தம்பி. டிமாப்பூரிலே பார்த்ததும் இதே அகலந்தான்" என்றார்.

அது உண்மை. 1931-ல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் மின்சார வண்டி விட்டபோது போட்டிருந்ததும் மீட்டர்கேஜ். அஸ்ஸாம் கோடியில் டிமாப்பூருக்குப் போனதும் மீட்டர்கேஜ். இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே ஒரே மீட்டர்தான். நம் ஊரில் அந்தப் பாதை 2004-ல் விடைபெற்றது.

1941 டிசம்பர் 23-ந் தேதி ரங்கூனில் குண்டு விழுந்தது. அப்போது பாட்டி சிறு பெண். கப்பலில் இடம் கிடைக்காத இந்தியர்கள் லட்சக்கணக்கில் நடந்தார்கள். அவர்களில் தமிழர்கள் ஏராளம். டாமு, பாலேல், இம்பால் என்று மலைகளைத் தாண்டி, டிமாப்பூரில் ரயிலைக் காண்பதே அவர்களுடைய லட்சியம். காலராவுக்கும் பசிக்கும் வழியிலேயே பறிகொடுத்தவர்களைப் பற்றிப் பாட்டி பேசவே மாட்டார். நானும் தூண்டிக் கேட்டதில்லை.

அவர்கள் இறங்கி வந்த அந்தப் பாதையிலேதான் அடுத்த வருஷங்களில் யுத்தம் ஏறிப் போயிற்று. தேயிலைப் பெட்டிகளுக்காகப் போட்ட ஒற்றை ரயில் பாதை, சீனத்துக்கும் பர்மா முனைக்கும் வேண்டிய பெட்ரோலையும் வெடிமருந்தையும் சுமக்க வேண்டியதாயிற்று. கல்கத்தாவிலிருந்து அகலப் பாதையில் வந்த சரக்கைப் பார்வதிபூரில் இறக்கி, சின்ன வண்டியில் மறுபடியும் ஏற்ற வேண்டும். பிரம்மபுத்திராவுக்கோ பாலம் கிடையாது (அது 1962-ல்தான் வந்தது). அமீன்காவிலிருந்து பாண்டுவுக்கு ரயில் பெட்டிகளையே படகில் கடத்தினார்கள்!

இந்தச் சங்கடத்துக்கு அமெரிக்கா அனுப்பிய பதில் ஓர் என்ஜின். முன்னால் இரண்டு சின்னச் சக்கரம், நடுவே இழுப்பதற்கு எட்டு, பின்னால் இரண்டு. மெலிந்த தண்டவாளமும் தாங்கும்படி, இழுக்கும் சக்கரங்களின் ஓர் அச்சுக்குச் சுமார் 9 டன்னுக்கு மேல் பாரம் விழாமல் அமைத்திருந்தார்கள். ஒரே வரைபடத்தை வைத்துக்கொண்டு பால்ட்வின் முதலிய பல கம்பெனிகள் 1942-லிருந்து 1945 வரை எழுநூறுக்கு மேல் செய்து தள்ளின. அலங்காரம் கிடையாது. ஒன்றில் உடைந்த பாகத்துக்கு மற்றொன்றின் பாகம் பொருந்தும். யுத்த காலத்தில் அதைவிட வேறென்ன அழகு வேண்டும்?

அதன் பெயர்க் கதைதான் எனக்குப் பிரியமானது. இப்படிச் சக்கரம் அமைந்த என்ஜின்களுக்கு அமெரிக்காவில் 'மிகாடோ' என்று பெயர். 1897-ல் அவற்றை ஜப்பானுக்குச் செய்து கொடுத்ததால், அந்நாட்டுச் சக்கரவர்த்தியின் பட்டத்தையே சூட்டிவிட்டார்கள். முத்துத் துறைமுகத்தில் குண்டு விழுந்ததும், பகைவனின் பெயரை எப்படிச் சொல்வது என்ற ரோஷம் வந்தது. தளபதியின் பெயரை வைத்து 'மெக்கார்தர்' ஆக்கிவிட்டார்கள். என்ஜினுக்குத் தெரியுமா, தான் கட்சி மாறியது?

1944 மார்ச் 1-ந் தேதி அமெரிக்க ராணுவமே வங்காள அஸ்ஸாம் ரயில்வேயில் சுமார் 800 மைல் பாதையை எடுத்துக்கொண்டது. நம்மவர்களான ரயில்வே ஊழியர்கள் உடனிருந்து உழைத்தார்கள். அடுத்த மாதமே ஜப்பானியர் கோஹிமாவை முற்றுகையிட்டார்கள். அங்கிருந்து டிமாப்பூர் எட்டிவிடும் தூரந்தான். அதை இழந்திருந்தால் பர்மா முனையின் கதையே வேறு.

யுத்தத்துக்கென்று அவசரமாகச் செய்த இந்த யந்திரங்கள், யுத்தம் முடிந்து இருபது வருஷத்துக்கு மேலும் நம் நாட்டில் ஓடின. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போயின. சயாமுக்கு அறுபத்தெட்டு. அந்தச் சயாமில்தான், மலேயாத் தோட்டங்களிலிருந்து ஜப்பானியர் கொண்டுபோன தமிழர்கள் பல்லாயிரவர் இதே மீட்டர் அகலத்தில் மரண ரயில் பாதை போட்டு மடிந்தார்கள்.

இத்தனையும் படித்த உற்சாகத்தில் ஒரு சாயங்காலம் பாட்டியிடம் என்ஜினின் படத்தைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகு நேரம் பார்த்தார்.

"நாங்க நடந்து வந்தப்போ இது எங்கே இருந்தது?"

"இந்தியாவுக்கு இன்னும் கப்பல் ஏறவில்லை, பாட்டி."

"அதான் பார்த்தேன். நாலு நாள் அந்த ஸ்டேஷன்லே கிடந்தோம், தம்பி" என்று சொல்லிப் படத்தைத் திருப்பிக் கொடுத்தார்.