வீடு சுமந்த தோள்கள்

சுந்தரபாண்டியபுரத்து வயல்வரப்பில் நின்று மேற்கே நோக்குவோர்க்கு மேற்குத் தொடர்ச்சி மலை நீல மதில்போலக் காட்சி தரும். ஆனி, ஆடித் திங்களில் அம்மதிலின்மேல் மேகம் கவிய, செங்கோட்டைக் கணவாய் வழியே சாரற்காற்று வீசும். இவ்வூரின் சூரியகாந்தி வயல்களைக் காணவும், அருகிலுள்ள குற்றாலத்தில் நீராடவும் வருவோருள் சிலர், இப்பகுதியிலேயே ஒரு வீடு அமைத்துக்கொள்ள விழைகின்றனர். வீடு என்றால் சுவரும் கூரையும் மட்டுமா? கட்டில், பீரோ, பாத்திரம், புத்தகம், பாட்டனார் காலத்து நாற்காலி எனக் குடும்பத்தின் நினைவுகள் அனைத்தும் பொருளுருவில் உடன் வந்தாக வேண்டும். எனவேதான், “சாமான் ஏற்றி இறக்க ஆள் பேசியாயிற்றா?” என்னும் கேள்வி வீடு மாறும் ஒவ்வொரு குடும்பத்திலும் எழுகிறது.

இவ்வெளிய கேள்விக்குப் பின்னே நீண்டதொரு வரலாறு உண்டு. குளிர்மலை ஊர்களின் வரலாற்றை எழுதியோர், அங்கே வீடு கட்டியவர்களின் பெயர்களைக் கவனமாகக் குறித்துவைத்தனர். அவ்வீடுகளைத் தோளில் ஏற்றி மலைக்குக் கொண்டு சேர்த்தவர்களின் பெயர்களையோ அவர்கள் எழுதவில்லை. எழுதாமல் விடப்பட்ட அப்பக்கத்தை நாம் இங்கே சற்று எண்ணிப் பார்ப்போம்.

குற்றாலம் மலையடிவாரத்து ஊர். கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 550 அடி உயரத்திலேயே அது அமைந்துள்ளது. கிழக்கிந்தியக் கம்பெனியின் காலத்திலேயே ஐரோப்பியர் இங்கே வாசனைப் பயிர்த் தோட்டங்களும் பங்களாக்களும் அமைத்தனர். அவற்றின் வாசல்வரை மாட்டு வண்டி செல்லக்கூடியதாயிருந்தது. 1904இல் கொல்லம்-செங்கோட்டை இருப்புப்பாதை திறக்கப்பட்டபின் சரக்குப் போக்குவரத்து மேலும் எளிதாயிற்று. ஆதலால் இங்கே சுமை தூக்குவோரின் பாடு, பெரும்பாலும் வண்டிக்கும் வாசலுக்கும் இடைப்பட்ட சில அடிகளோடு முடிந்தது. மலைமுடியில் எழுந்த ஊர்களின் கதையோ வேறு. அதனை அறிய நாம் வடக்கே, பழநிமலைத் தொடருக்குச் செல்ல வேண்டும்.

1821இல் லெப்டினன்ட் வார்டு என்னும் ஆங்கிலேய அதிகாரி பழநிமலைப் பகுதியை நில அளவை செய்தார். 1834இல் மதுரைக்கு வந்த அமெரிக்க மறைப்பணியாளர்கள், காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் தம்மவர் பலரைப் பறிகொடுத்தனர். வெப்பத்திலிருந்தும் நோயிலிருந்தும் தப்ப ஓரிடம் தேடிய அவர்கள், 1845இல் கொடைக்கானலில் இரண்டு வீடுகளைக் கட்டினர். இன்று இலட்சக்கணக்கானோர் சென்றுவரும் அந்நகரின் தொடக்கம் இதுவே. சாவினின்று தப்புவதற்கு ஒரு கூரை வேண்டும் என்னும் தவிப்பே அங்கு முதல் வீடுகளை எழுப்பியது என்பதை நாம் மறத்தல் ஆகாது.

ஆயின், ஏறத்தாழ 7,000 அடி உயரத்திற்கு அவ்வீட்டுப் பொருள்கள் சென்றது எவ்வாறு? 1875ஆம் ஆண்டையொட்டி மதுரை வழியே தென்னிந்திய இருப்புப்பாதை வந்தபின், பயணிகள் அம்மையநாயக்கனூரில் இறங்கினர். அந்நிலையமே பின்னர் கொடை ரோடு எனப் பெயர் பெற்றது. அங்கிருந்து பெரியகுளம் பக்கமாக மலையடிவாரத்துக் கிருஷ்ணம நாயக்கன் தோப்புவரை மாட்டு வண்டி சென்றது. அதற்கப்பால் வண்டி செல்ல வழியில்லை. ஏறத்தாழ 12 மைல் தொலைவுக்குச் செங்குத்தான ஒற்றையடிப் பாதையே இருந்தது. பெண்டிரும் நோயாளரும் குழந்தைகளும் நாற்காலி கட்டிய டோலிகளில் சுமக்கப்பட்டனர். பெட்டிகளும் மெத்தைகளும் தட்டுமுட்டுச் சாமான்களும் மனிதரின் தலையிலும் தோளிலும் ஏறின. 1910-களின் நடுப்பகுதியில் வண்டிச் சாலை பயன்பாட்டுக்கு வரும்வரை, சுமார் 70 ஆண்டுகள், அந்நகரம் இவ்வாறே வளர்ந்தது.

அப்பாதைக்கு ஆங்கிலேயர் இட்ட பெயர் ‘கூலி காட்’ என்பதாகும். இப்பெயர் நம் சிந்தனைக்குரியது. நம் மொழியில் கூலி என்பது உழைப்புக்கு ஈடாகத் தரப்படும் ஊதியத்தைக் குறிக்கும். அதனைப் பெறுபவர் கூலியாள். ஆங்கிலத்திலோ அச்சொல் ஆளையே குறிப்பதாயிற்று. ஊதியம் மனிதனின் பெயராயிற்று. மனிதனின் சொந்தப் பெயர் மறைந்துபோயிற்று. அக்கால மலைவாசத்தலங்களுக்கான கையேடுகளில் ஒரு சுமைக்கு இவ்வளவு, ஒரு டோலிக்கு இவ்வளவு என விகிதங்கள் அச்சிடப்பட்டன. சுமந்தவர் எவர், எவ்வூரினர் என்னும் செய்திக்கு அவற்றில் இடமிருக்கவில்லை.

நீலகிரியில் இந்நிலை இன்னும் பெரிய அளவில் காணப்பட்டது. 1834இல் கவர்னர்-ஜெனரல் பெண்டிங்க் பிரபுவைச் சந்திக்க உதகைக்குச் சென்ற மெக்காலே, சென்னையிலிருந்து ஏறத்தாழ 400 மைல் தொலைவைப் பல்லக்கில், மனிதத் தோள்களின்மீதே கடந்தார். 1870 முதல் உதகை சென்னை மாகாண அரசின் கோடைக்காலத் தலைநகராயிற்று. ஆண்டுதோறும் அதிகாரிகளும் எழுத்தர்களும் கோப்புக் கட்டுகளும் மலையேறின. பருவம் முடிந்ததும் இறங்கின. ஓர் அரசாங்கமே ஆண்டுக்கு இருமுறை வீடு மாறியது எனலாம்! மலை இரயில் 1899இல் குன்னூருக்கும் 1908இல் உதகைக்கும் எட்டியபின்னரே இச்சுமையின் பெரும்பகுதி இயந்திரத்தின்மீது இறங்கிற்று.

இது பிறரைப் பற்றிய கதை என நாம் ஒதுங்கிவிட இயலாது. கொடைக்கானலில் சேசு சபையின் சேன் சீர் அடிகளார் 1866இல் சலேத் அன்னைக்கு ஆலயம் எழுப்பினார். செண்பகனூரில் 1895இல் திரு இருதயக் கல்லூரி தோன்றிற்று. இவை இரண்டும் வண்டிச் சாலைக்கு முற்பட்டவை. அங்கு சமவெளியிலிருந்து சென்ற ஒவ்வொரு பொருளும், மனிதத் தோளிலோ பொதிமாட்டின் முதுகிலோ அன்றி வேறு வழியில் சென்றிருக்க இயலாது. ஆகஸ்டுத் திங்களில் சலேத் அன்னையின் திருவிழாவுக்குச் செல்லும் நம்மவர், அவ்வாலயத்தின் அடித்தளத்தில் பெயர் அறியா எத்தனையோ எளியோரின் வியர்வையும் கலந்துள்ளது என்பதை நினைந்து மன்றாடுதல் தகும்.

ஏறியோரைப் போலவே இறங்கியோரையும் அத்தோள்கள் தாங்கின. திருநெல்வேலிச் சீமையில் நெடுங்காலம் பணியாற்றிய ஆயர் கால்டுவெல், 1891ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள் கொடைக்கானலில் காலமானார். அவர் உடல் இடையன்குடிக்குக் கொணரப்பட்டு, அவர் எழுப்பிய ஆலயத்தின் பீடத்தருகே நல்லடக்கம் செய்யப்பட்டது. அன்று மலையிலிருந்து இறங்க வண்டிச் சாலை இல்லை. தமிழின் தொன்மையை உலகறியச் செய்த அவ்வறிஞரின் இறுதிப் பயணத்தின் முதற்பகுதி, சுமைத் தொழிலாளரின் தோள்களிலேயே நிகழ்ந்திருக்க வேண்டும்.

அதே 1891ஆம் ஆண்டு மே திங்களில்தான் திருத்தந்தை 13ஆம் சிங்கராயர், தொழிலாளர் நிலை பற்றி ‘ரேரும் நோவாரும்’ என்னும் சுற்றுமடலை வெளியிட்டார். கூலி என்பது இரு தரப்பாரும் இசைந்து முடிவு செய்வது. இசைந்தபின் பேச்சுக்கு இடமில்லை என்பது அக்காலப் பொருளியலாளர் பலரின் கருத்து. திருத்தந்தை அதனை ஏற்கவில்லை. இசைவுக்கு மேலாக இயற்கை நீதி ஒன்று உண்டு என்றும், உழைப்பவர் தம் வாழ்வைத் தாங்கப் போதுமானதாக ஊதியம் இருத்தல் வேண்டும் என்றும், வறுமையின் நெருக்கடியால் குறைந்த கூலிக்கு இசைபவர் உண்மையில் அநீதிக்கு ஆளாகிறார் என்றும் அவர் தெளிவுபடுத்தினார். வீட்டுச் சாமான் ஏற்றப் பேரம் பேசும்போது நம் செவியில் ஒலிக்க வேண்டிய போதனை இதுவன்றோ!

ஏனெனில், மலையூர்களில் எழும் சச்சரவுகளுக்கு வேர் ஒன்றே. விலை சமவெளியில் பேசப்படுகிறது. உழைப்போ சரிவில் செலுத்தப்படுகிறது. தொலைபேசியில் “ஒரு கட்டில், இரண்டு பீரோ, சில பெட்டிகள்” என்று சொல்லப்படும். லாரி கடைசி வளைவில் நின்றுவிடும் என்பதோ, அதற்குமேல் எண்பது படிகள் உண்டு என்பதோ, மழையில் அப்படிகள் வழுக்கும் என்பதோ சொல்லப்படுவதில்லை. வந்திறங்கிய பின்னர் தொழிலாளர் கூடுதல் கேட்டால், “பேசியது பேசியதுதான்” என்கிறோம். அவர்களும் சில வேளைகளில் புதியவரைக் கண்டு அளவுக்கு மீறிக் கேட்பதுண்டு. இருபுறமும் ஒளிக்கப்படுவது ஒன்றே: பாதையின் உண்மை நிலை.

சட்டமும் இத்துறையில் மெல்ல விழித்துக்கொண்டது. உலகத் தொழிலாளர் அமைப்பு 1967இல் வெளியிட்ட பரிந்துரையில், வயதுவந்த ஆண் ஒருவர் சுமக்கத்தக்க உயர்ந்த எடை 55 கிலோ எனக் கொண்டது. கேரளத்தில் 1978இல் சுமட்டுத் தொழிலாளர் சட்டம் இயற்றப்பட்டது. தமிழகத்தில் 1982இல் உடலுழைப்புத் தொழிலாளர்க்கான சட்டம் வந்தது. 1999இல் அவர்களுக்கென நலவாரியமும் அமைந்தது. உரிமை வழுவினால் அதுவும் அநீதியாகும் என்பதற்குச் செங்கோட்டைக்கு அப்பாலே சான்று உண்டு. சுமை தூக்காமல், பிறர் தூக்குவதைப் பார்த்து நின்றதற்கே பெறப்பட்ட ‘நோக்குக்கூலி’யைக் கேரள அரசு 2018 மே முதல் நாளிலிருந்து ஒழித்தது.

சட்டத்திற்கு நெடுங்காலம் முன்னரே நம் முன்னோர் அறிந்திருந்த அறம் ஒன்று உண்டு. தென்மாவட்டத்துப் பழைய வழித்தடங்களில் இன்றும் ஆங்காங்கே சுமைதாங்கிக் கற்களைக் காணலாம். இரண்டு கற்களை நட்டு, அவற்றின்மேல் ஒரு கல்லைக் குறுக்கே கிடத்தி, ஆள் உயரத்திற்குச் சற்றுக் குறைவாக அவற்றை அமைத்தனர். தலைச்சுமையோடு தனியே நடந்து வருபவர், மற்றொருவர் உதவியின்றியே அதன்மேல் சுமையை இறக்கி இளைப்பாறலாம். மீண்டும் தாமே தலையில் ஏற்றிக்கொள்ளலாம். தரையில் இறக்கிய சுமையைத் தனியே தூக்க முடியாது என்பதை அறிந்தவரே அவ்வுயரத்தைக் கணித்திருக்க வேண்டும். பிள்ளைப்பேற்றின் முன் வயிற்றுச் சுமையோடு இறந்த பெண்களின் நினைவாக இக்கற்களை நடும் வழக்கமும் இருந்தது. இறக்க முடியாத சுமையோடு மறைந்த ஒருத்திக்காக, வழிப்போக்கர் அனைவரும் தம் சுமையை இறக்க ஓர் இடம்! துயரம் இவ்வாறு பொதுநன்மையாக மாறிய செயல் நம் மண்ணின் பெருஞ்செல்வம்.

இன்று வீடு மாறும் குடும்பங்களும் தம் பங்குக்கு ஒரு சுமைதாங்கியை நாட்டலாம். ஆள் பேசுமுன் படிகளின் எண்ணிக்கையையும் லாரி நிற்குமிடத்தையும் மறைக்காது சொல்லுதல் ஒன்று. புத்தகங்களைப் பெரிய பெட்டியில் திணிக்காது, சிறு பெட்டிகளில் பிரித்துக் கட்டுதல் மற்றொன்று. நடுவழியில் இளைப்பாறப் பொழுதும், குடிக்கத் தண்ணீரும், வேளைக்கு உணவும் தருதல் மூன்றாவது. பேசிய கூலியை மாலை மங்குமுன், கூடுதல் உழைப்பு நேர்ந்திருப்பின் அதற்குரியதையும் சேர்த்து, முகமலர்ச்சியோடு கொடுத்தல் நான்காவது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றலாகிப் பங்கு விட்டுப் பங்கு செல்லும் பணியாளர்களாகிய நமக்கும் இவை பொருந்தும். நம் புத்தகப் பெட்டிகளின் கனம் நம்மினும் பிறர்க்கே நன்கு தெரியும்.

இவற்றோடு இன்னும் ஒன்று உண்டு. அதற்குச் செலவு ஏதுமில்லை. வந்தவர்களின் பெயரைக் கேட்டறிந்து, அப்பெயரால் அவர்களை அழைத்தல். ஆண்டவரின் சிலுவையைச் சுமக்க வழியில் பிடிக்கப்பட்ட மனிதரை நற்செய்தியாளர்கள் ‘ஒரு கூலியாள்’ என்று எழுதி முடித்துவிடவில்லை. அவர் சிரேன் ஊரினர், பெயர் சீமோன் என்று குறித்தனர். மாற்கு இன்னும் ஒருபடி மேலே சென்று, அலக்சாந்தர், ரூபு என அவர்தம் மக்களின் பெயர்களையும் பதிந்துவைத்தார். சில நூறு அடிகள் சுமை சுமந்த ஒருவரின் குடும்பத்தை இரண்டாயிரம் ஆண்டுகளாகத் திருச்சபை பெயர் சொல்லி நினைவுகூர்கிறது. நம் வீட்டைச் சுமப்பவருக்கும் ஓர் ஊர் உண்டு, பெயர் உண்டு, மாலையில் வழிபார்த்து நிற்கும் மக்களும் உண்டு.