கணுக்கால் மூட்டுவாதம்: யாழ்ப்பாணக் குடாநாட்டில்

கணைக்காலின் இரு எலும்புகளும் அவற்றின் கீழுள்ள கணுக்கால் எலும்பும் கூடும் மூட்டில் குருத்தெலும்பு தேய்ந்தோ அழற்சியால் அரிக்கப்பட்டோ வலியும் வீக்கமும் விறைப்பும் நிலைத்துவிடும் நோயே கணுக்கால் மூட்டுவாதம். உலகில் வளர்ந்தோரில் நூற்றுக்கு ஒருவர் அளவில் இதற்கு ஆளாகின்றனர். முழங்கால் தேய்வோடு ஒப்பிட்டால் இது சிறு தொகைதான். ஆனால் முழங்கால் நோவு முதுமையோடு வருவது. கணுக்கால் வாதத்தோடு கிளினிக்குக்கு வருபவர் பெரும்பாலும் அவ்வளவு வயதானவரல்ல. இன்னும் உழைத்துச் சாப்பிடுகிறவர். விசாரித்தால் அவரிடம் ஒரு பழைய விபத்துக் கதை இருக்கும்.

கணுக்காலின் குருத்தெலும்பு மிக மெல்லியது. பெரும்பாலும் 1 முதல் 1.7 மில்லிமீற்றர் தடிப்பே கொண்டது. நடக்கும்போது அதன்மேல் உடல் எடையின் ஐந்து மடங்கு வரை பாரம் விழுகிறது. இப்படிப்பட்ட மூட்டுத்தான் முதலில் தேய வேண்டும் என்று எவரும் நினைப்பார்கள். ஆனால் மேலெலும்பும் கீழெலும்பும் அச்சில் வார்த்தாற்போலப் பொருந்தியிருப்பதால் பாரம் பரவலாகப் பகிரப்பட்டு, ஆயுள் முழுவதும் தாங்கி நிற்கிறது. அந்தப் பொருத்தம் குலைந்தால் கதை மாறிவிடும். கணுக்கால் எலும்பு ஒரு மில்லிமீற்றர் வெளிப்பக்கம் விலகினாலே மூட்டின் தொடுபரப்பு 42 சதவீதம் குறைகிறது என்று ராம்சே, ஹமில்ரன் என்னும் இருவர் 1976இல் ஆய்ந்து காட்டினர். கணுக்கால் தேய்வில் 70 முதல் 80 சதவீதம் வரை பழைய காயத்தின் விளைவாக இருப்பதற்கு இதுவே காரணம். எலும்பு முறிந்ததற்கும் தேய்வு முற்றியதற்கும் இடையே சராசரியாக இருபது ஆண்டு கழிகிறது. ஆகையால் இந்நோய்க்கான வைத்தியம் உண்மையில் தொடங்குவது வலி தொடங்கிய நாளிலல்ல, கால் பிரண்ட நாளில்.

குடாநாட்டில் கணுக்கால் உடைவதற்கு வழிகள் பல. பனை ஏறுவோர் காலில் தளைநார் பூட்டி, உள்ளங்கால்களை மரத்தில் அணைத்து ஏறுகிறார்கள். தவறிக் காலூன்றி விழுந்தால் கணைக்கால் எலும்பின் அடி நொறுங்குகிறது. மூட்டின் மேற்பரப்பே சிதறும் இவ்வகை முறிவு தேய்வில் முடிவது மிகுதி. குருநகர் பாடும்மீன், நாவாந்துறை சென்மேரிஸ் போன்ற கழகங்களை வளர்த்த கரையோர ஊர்களில் உதைபந்தாட்டம் பிள்ளைப் பருவத்திலேயே தொடங்கிவிடுகிறது. திரும்பத் திரும்பப் பந்து உதைத்த காலில் மூட்டின் முன்விளிம்பில் எலும்பு முளைகள் வளர்ந்து, பாதத்தை மேலே மடக்கும்போது குத்தும். இதற்கு மருத்துவ உலகம் வைத்த பெயரே உதைபந்தாட்டக்காரர் கணுக்கால். இன்று வீதியில் மோட்டார்ச் சைக்கிள் விபத்தும் ஒரு பெரிய காரணம்.

யுத்தக் காயங்கள் தனியே சொல்லப்பட வேண்டியவை. எறிகணைச் சிதறல் பட்டவர்களும், முறிந்த எலும்பைச் சரிசெய்ய வைத்தியசாலை எட்டாமல் இடம்பெயர்ந்துகொண்டே இருந்தவர்களும் பலர். கோணலாகக் கூடிய எலும்பு அன்று நடக்க விட்டது. ஆண்டுகள் கழித்து மூட்டைத் தின்னத் தொடங்குகிறது. மிதிவெடியில் ஒரு காலை இழந்தவர்களுக்கு மற்றக் கால் மேலதிகப் பாரத்தைச் சுமக்கிறது. செயற்கைக் காலை உரிய காலத்தில் அளவு பார்த்துத் திருத்துவது எஞ்சிய கணுக்காலைக் காப்பாற்றும் வேலையுமாகும்.

முறிவு நெரிவு வைத்தியர்களிடம் குடாநாட்டு மக்களுக்குள்ள நம்பிக்கை பழையது. பரராசசேகரம் என்னும் யாழ்ப்பாணத்து வைத்திய நூலில் வாதரோகத்துக்கு ஒரு பகுதியே உண்டு; யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சித்த மருத்துவப் படிப்பு கைதடியில் நடக்கிறது. மேலைச் சத்திரசிகிச்சையும் இங்கே தமிழிலேயே வந்து சேர்ந்தது. மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிறீன் 1867இல் இரண வைத்தியம் என்ற நூலைத் தமிழில் அச்சிட்டார். இரண்டு மரபும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் எதை முதலில் நாடுவது என்பதே கேள்வி. பிரண்ட காலை ஊன்றி நாலடி வைக்க முடியாவிட்டாலோ, கணுவின் பின்விளிம்பில் எலும்பைத் தொட்டாலே நொந்தாலோ முதலில் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். முறிவு இல்லை என்று தெரிந்த பிறகு எண்ணெயும் பத்தும் போடுவதில் பெரிய பிழையில்லை. முறிந்த மூட்டை உருவுவதும், வீக்கம் வடிந்துவிட்டது என்பதற்காகக் கட்டை அவிழ்த்துத் தோட்டத்துக்குப் போவதும்தான் பின்னாளில் தேய்வாகத் திரும்புகின்றன.

காயமே படாமல் கணுக்கால் வீங்கினால் வேறு நோய்களை நினைக்க வேண்டும். யூரிக் அமிலம் படிவதால் வரும் கௌற் வழக்கமாகப் பெருவிரலில் தொடங்கினாலும் கணுக்காலையும் பிடிக்கும். இரவில் திடீரென்று சிவந்து, துணி பட்டாலே தாங்காத வலி. சூடை, நெத்தலி போன்ற மீன்களும் கள்ளு, பியர் போன்றவையும் அதைத் தூண்டும். ஒடியற் கூழில் நண்டு, இறால், கணவாய் எல்லாம் ஒன்றாகச் சேர்வதால், கௌற் உள்ளவர் கோப்பையை அளவோடு நிறுத்துவது நல்லது. முடக்குவாதம் இரு கணுக்காலையும் கை மூட்டுகளையும் சேர்த்துப் பிடிக்கும். காலையில் எழும்போதுள்ள விறைப்பு ஒரு மணிநேரத்துக்கு மேல் நீடிக்கும்.

சிக்குன்குனியாவைக் குடாநாடு மறந்திருக்காது. 2006 ஓகஸ்டில் ஏ-9 வீதி மூடப்பட்டு மருந்தும் உணவும் தட்டுப்பட்டிருந்த அந்த ஆண்டின் கடைசியில் அது இங்கே பரவியது. காய்ச்சல் ஒரு வாரத்தில் விட்டாலும் கணுக்கால், மணிக்கட்டு, விரல் மூட்டுகளின் நோவு பலருக்கு மாதக்கணக்கில் விடவில்லை. 2025இலும் இலங்கையில் அது மீண்டும் பரவியது. மழைக்காலக் காய்ச்சலோடு மூட்டு நோவு வந்தால் டெங்கு இல்லை என்று உறுதியாகும்வரை பனடோல் தவிர்ந்த வலிமாத்திரை போடக்கூடாது. டைக்குளோபெனக், அஸ்பிரின் வகைகள் டெங்கில் குருதிப்பெருக்கை உண்டாக்கலாம்.

நீண்டகால நீரிழிவுக்காரரின் கணுக்கால் வீங்கிச் சூடாகி, வலி மட்டும் குறைவாக இருந்தால் அது நரம்பு உணர்ச்சி மங்கியதால் எலும்புகள் குலையும் சார்கோ பாதமாக இருக்கலாம். நோவு இல்லையே என்று நடந்துகொண்டே இருப்பவருக்குச் சில வாரங்களில் பாதத்தின் உருவமே மாறிவிடும். இப்படிப்பட்டவர் நல்லூர்த் திருவிழாவில் உச்சி வெயிலில் சுடுமணலில் வெறுங்காலோடு வீதி வலம் வருவதை எந்த முருகனும் கேட்டிருக்கமாட்டார் என்று சொல்லத் தோன்றுகிறது. காய்ச்சலோடு ஒற்றைக் கணுக்கால் கொதித்து வீங்கினால் மூட்டுக்குள் கிருமி புகுந்திருக்கக்கூடும். அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

தேய்வை அளக்கும் எக்ஸ்ரேயை நின்றபடி எடுப்பதே முறை. படுத்த நிலையில் எடுத்த படத்தில் மூட்டின் இடைவெளி உள்ளதுபோலவே தெரிந்து ஏமாற்றும்.

தேய்ந்த குருத்தெலும்பை மீட்கும் மருந்து இன்னும் இல்லை. செய்யக்கூடியது பாரத்தையும் அசைவையும் கட்டுப்படுத்துவது. உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால், அடி ஒவ்வொன்றிலும் மூட்டின் மேல் அதைப் போலப் பல மடங்கு பாரம் குறைகிறது. வீட்டுச் சீமெந்துத் தரையில் வெறுங்காலோடும் வெளியே தேய்ந்த பாட்டாவோடும் திரியும் வழக்கத்தை விட்டு, குதியைப் பிடிக்கும் பட்டியும் முன்புறம் வளைந்தெழும் தடித்த அடியும் கொண்ட சப்பாத்தோ செருப்போ போட வேண்டும். வளைந்த அடி, கணுக்கால் மடங்க வேண்டிய வேலையைத் தான் வாங்கிக்கொள்ளும். ஊன்றுகோலை நோகாத பக்கக் கையில் பிடிக்க வேண்டும். பலர் மாறிப் பிடிக்கிறார்கள். மேடுபள்ளமான நிலத்தில் நடப்பவருக்குக் கணுக்காலை இறுக்கும் பட்டி உதவும்.

வெங்காயம் நடுவதும் களை பிடுங்குவதும் குந்தியிருந்து செய்யும் வேலைகள். குந்தும்போது கணுக்கால் முழுதாக மடங்குவதால் முன்விளிம்பு நெரிபடுகிறது. சிறு பலகைக்கட்டை ஒன்றில் இருந்து வேலை செய்வதும், வீட்டில் கொமட் வைப்பதும் மாத்திரையை விடப் பெரிய உதவி. ஓய்ந்து கிடப்பது தீர்வல்ல. கெண்டைக்கால் தசையை இழுத்து நீட்டும் பயிற்சி, ஒற்றைக் காலில் சமநிலை நிற்கும் பயிற்சி ஆகியவற்றை இயன்மருத்துவரிடம் பழகித் தினமும் செய்ய வேண்டும். தட்டையான இந்த நிலத்தில் சைக்கிள் மிகப் பொருத்தமான பயிற்சி. பாதம் அசைகிறது, பாரம் இருக்கையில் விழுகிறது. கீரிமலைக் கேணியில் மார்பளவு நீரில் நடப்பதும் அதே பயனைத் தரும். படிகளில் பாசி வழுக்கும், கவனம் வேண்டும்.

வலிக்குப் பனடோல் நாளொன்றுக்கு எட்டு மாத்திரைக்கு மேற்படாமல் எடுக்கலாம். மெலிந்தவர்களுக்கும் ஈரல் நோயாளர்களுக்கும் அதற்கும் குறைவு. டைக்குளோபெனக் போன்றவற்றைச் சீட்டில்லாமல் கடையில் வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவது சிறுநீரகத்தையும் இரைப்பையையும் கெடுக்கும். பெயரில்லாத கலவைத் தூள் ஒரே நாளில் வீக்கத்தை வடியச் செய்தால் அதில் ஸ்ரீரோயிட் கலந்திருக்கிறதா என்று ஐயப்படுவது நியாயம். மூட்டில் போடும் ஸ்ரீரோயிட் ஊசி சில வாரங்களோ மாதங்களோ ஆறுதல் தரும், அடிக்கடி போடக்கூடாது.

இவை போதாதபோது சத்திரசிகிச்சை. முன்விளிம்பு முளைகளை மட்டும் துளைவழியே செதுக்கி எடுக்கலாம். கோணலாகக் கூடிய கணைக்கால் எலும்பை வெட்டி நிமிர்த்தினால் மூட்டு இன்னும் சில காலம் உழைக்கும். முற்றிய தேய்வுக்கு உரியவை இரண்டு: செயற்கை மூட்டு பொருத்துதல், மூட்டை இறுக்கி ஒன்றாக்குதல். 1970களில் தொடங்கிய செயற்கைக் கணுக்கால், அசைவைக் காக்கும். ஆனால் இடுப்பு, முழங்கால் மூட்டுகளின் அளவுக்கு நீடிப்பதில்லை, பாரமான வேலைக்கு உகந்ததுமல்ல. தோட்டக்காரருக்கும் கடற்றொழிலாளிக்கும் ஒன்றாக்குதலே பொருத்தம். எலும்புகள் கூடியபின் வலி போய்விடும். பாதத்தின் நடுமூட்டுகள் ஓரளவு அசைவைத் தருவதால் சமநிலத்தில் நடை பெரிதாக மாறாது. குதியூன்றிக் குந்துவது மட்டும் முடியாது. பத்து இருபது ஆண்டில் கீழுள்ள அடுத்த மூட்டு தேயலாம் என்பதையும் முன்பே சொல்லிவைக்க வேண்டும். எலும்பு கூடாமல் போவதும் சிலருக்கு உண்டு. புகைப்பவர்களிடம் அது பல மடங்கு அதிகம் என்பதால், சத்திரசிகிச்சைக்குச் சில வாரங்களுக்கு முன்பிருந்து எலும்பு கூடும்வரை சுருட்டும் சிகரெட்டும் நிறுத்தப்பட வேண்டும்.