கொழுந்துக் கூடையும் தலைவர் நாற்காலியும்

54 சதம், 43 சதம், 32 சதம். 1927ஆம் ஆண்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் கீழ் இலங்கையின் உயர் மலைநாட்டுத் தோட்டங்களுக்கு வகுக்கப்பட்ட நாட்கூலி இது: முதலாவது ஆணுக்கு, அடுத்தது பெண்ணுக்கு, கடைசி பிள்ளைக்கு. தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்தும், மண்ணைக் கிளறும் முள்ளுக்குத்தும் பார்த்த ஆண்கள் பெரும்பாலும் மதியத்தோடு வேலை முடித்துத் தங்கள் குடியிருப்பான லயம் திரும்பினார்கள். கொழுந்து பறித்த பெண்களோ மாலை நிறுவை முடியும்வரை மலையில்தான் நின்றார்கள். அதிக நேரம் உழைத்தவர்களுக்குக் குறைந்த கூலி என்பதைச் சட்டமே எழுதிக் கொடுத்தது.

தோட்டம் என்பது தனி ராஜ்ஜியம். பெரிய துரை, சின்ன துரை, கணக்கப்பிள்ளை, கங்காணி என்று மேலிருந்து கீழ்வரை ஆண்கள்தான். பிரட்டு என்னும் விடிகாலை அணிவகுப்பில் பேர் கூப்பிடுபவரும், கொழுந்து குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் கூலி, போடுபவரும் ஆண். சம்பள நாளில்கூட பெண்ணின் பணத்தைக் கணவனோ தகப்பனோ போய் வாங்குவது பல தோட்டங்களில் வழக்கமாக இருந்தது.

இந்த அமைப்புக்கு எதிராக எழுந்த தொழிற்சங்கமும் அதே அச்சில்தான் வார்க்கப்பட்டது. அதில் விதிவிலக்காக நின்றவர் மீனாட்சி அம்மாள். 1931இல் அட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கிய கோ. நடேசய்யரின் மனைவி. கணவரோடு மேடை ஏறினார், பத்திரிகைப் பணி செய்தார், தொழிலாளர் துயரைப் பாட்டாகக் கட்டித் தாமே கூட்டங்களில் பாடினார். எழுத்தறியாதவர்கள் நிறைந்த கூட்டத்தில் துண்டுப் பிரசுரத்தைவிடப் பாட்டு வேகமாகப் பரவும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஆனாலும் மலையக வரலாறு பேசுபவர்கள் நடேசய்யரை விரித்துச் சொல்லி, மீனாட்சி அம்மாளை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். இது நியாயமில்லை.

1947 பொதுத் தேர்தலில் தோட்டத் தமிழரின் கட்சியான இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. எழுவரும் ஆண்கள். அடுத்த இரண்டாண்டுகளுக்குள் குடியுரிமைச் சட்டமும் தேர்தல் திருத்தச் சட்டமும் வந்து, ஆண் பெண் பேதமின்றி, இந்திய வம்சாவளியினரான மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரின் வாக்கைப் பறித்தன. சமத்துவம் இந்த ஒன்றில்தான் உடனே கிடைத்தது!

1960 ஜூலையில் சிறிமாவோ பண்டாரநாயக்க உலகின் முதல் பெண் பிரதமரானார். நான்காண்டு கழித்து அவரும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம், இந்த மக்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கவும் வகை செய்தது. யாருடைய வாழ்க்கையை எண்களாகப் பிரித்தார்களோ, அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. நாட்டின் உச்சியில் ஒரு பெண் அமர்ந்ததால், கூடை சுமந்த பெண்ணின் கூலியும் உயர்ந்துவிடவில்லை. அதற்கு 1984 வரை பொறுக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு தொழிற்சங்கங்கள் கூட்டாக நடத்திய வேலைநிறுத்தத்துக்குப் பிறகே ஆண், பெண் நாட்கூலி சமமானது.

சங்கத்துக்குள் மாற்றம் இன்னும் மெதுவாகவே வந்தது. தோட்டத்துக்கு ஒரு தலைவர், அவருக்குக் கீழே மாதர் பிரிவுக்கு ஒரு தலைவி என்ற ஏற்பாடுதான் நீடித்தது. சந்தா கட்டுவதிலும் ஊர்வலத்தில் நிற்பதிலும் பெண்கள் முன்னே. துரையோடு பேசப் போகும்போது பின்னே.

2024 நவம்பரில் நுவரெலியாவிலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வியும் பதுளையிலிருந்து அம்பிகா சாமுவேலும் நாடாளுமன்றம் சென்றார்கள். 1947இன் எழுவருக்குப் பிறகு, மலையகப் பெண்கள் அந்த மன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட 77 ஆண்டுகள் பிடித்தன.