மலைப்பாதையும் ஜன்னல் ஓரத் திரையும்



கோடை விடுமுறை வந்தால் நம் பார்க்கிங்கில் பாதி இடம் காலியாகிவிடும். போன கார்களில் பல கொடைக்கானல் மலையில்தான் இருக்கும். இந்த முறை கிளம்பும் முன் காருக்குள் உட்கார்ந்து, ஜன்னலுக்கு மேலே கூரை ஓரத்திலோ கதவை ஒட்டிய தூணிலோ ‘ஏர்பேக்’ என்ற எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அங்கே ஒரு திரை மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. அந்தத் திரையின் கதைதான் இது.

1845-இல் அமெரிக்க மிஷனரிகள் கொடைக்கானலில் குடியேறியபோது வண்டிப்பாதை கிடையாது. பெரியகுளம் பக்கத்தில் கிருஷ்ணம நாயக்கன் தோப்பு வரை மாட்டுவண்டியில் வரலாம். அதற்கு மேல் நடை, குதிரை அல்லது டோலி. மேஜர் லா என்பவர் 1870-களில் அளந்து வகுத்த பாதை, முதல் உலகப்போர்க் காலத்தில்தான் வேலை முடிந்து மோட்டார் வண்டிக்குத் திறந்தது. வத்தலக்குண்டு தாண்டி டம்டம் பாறை, ஊத்து, பெருமாள்மலை வழியாக நாம் ஏறும் லாஸ் காட் ரோடு அதுதான்.

அந்தச் சாலையில் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். தடுப்புச்சுவரும், வளைவுகளில் வைத்த குவிகண்ணாடியும் வண்டியைச் சாலையிலேயே நிறுத்தி வைப்பதற்காக. அதையும் மீறி வண்டி பக்கவாட்டில் மோதினால், உருண்டால், உள்ளே இருப்பவருக்கு என்ன பாதுகாப்பு? கார் செய்தவர்கள் இந்தக் கேள்விக்கு வந்து சேர வெகுகாலம் ஆனது.

1952-இல் அமெரிக்காவில் ஜான் ஹெட்ரிக் என்பவர் மனைவி, மகளுடன் காரில் போகும்போது வண்டி பள்ளத்தில் இறங்கியது. நடுவில் இருந்த குழந்தை முன்னால் போய் மோதாமல் இருக்கப் பெற்றோர் இருவரும் கையை நீட்டித் தடுத்தார்கள். அந்தக் கையின் வேலையை ஒரு பை செய்யக்கூடாதா என்று யோசித்த ஹெட்ரிக், 1953-இல் காப்புரிமை பெற்றார். ஜெர்மனியில் வால்டர் லிண்டரரும் அதே காலத்தில் இதே யோசனைக்குக் காப்புரிமை வாங்கினார். ஆனால் அழுத்திய காற்றால் பை போதிய வேகத்தில் நிரம்பவில்லை. மோதலை உடனே உணரும் சென்சாரும், நொடிக்குள் வாயுவைப் பெருக்கும் ரசாயனமும் வந்த பிறகு, 1980-களில் மெர்சிடிஸ் எஸ் கிளாஸ் காரில் தொடங்கி ஏர்பேக் பரவியது. எல்லாம் முன்பக்க மோதலுக்கு மட்டும்.

பக்கவாட்டு மோதல் கடினமான கணக்கு. முன்னால் மோதினால் நசுங்குவதற்கு பானெட் இருக்கிறது. பக்கத்தில் நமக்கும் கதவுக்கும் இடையே ஒரு சாண்தான். 1995 மாடல் வோல்வோ 850-இல் சீட்டின் ஓரத்திலிருந்து விரியும் பை வந்தது. அது விலா எலும்பைக் காத்தது, தலையை அல்ல. 1997-இல் பிஎம்டபிள்யூ 7 சீரிஸில் தலைக்கு நேராக நீளும் குழாய் போன்ற பை வந்தது. 1998-இல் வோல்வோ எஸ்80, முன் ஜன்னல் முதல் பின் ஜன்னல் வரை மூடும் திரையைக் கொண்டுவந்தது.

கதவிலும் நடுத்தூணிலும் உள்ள சென்சார்கள் மோதலை உணர்ந்ததும் திரை மேலிருந்து கீழே விரியும். கண் இமைக்கும் நேரத்தில் பாதிகூட ஆகாது. முன்பக்க ஏர்பேக் விரிந்த உடனே காற்றை வெளியே விட்டுவிடும். கார் ஒரு உருளலோடு நிற்காது என்பதால், உருளலுக்கென அமைத்த திரை சில விநாடிகள் உப்பியபடியே நிற்கும். தலை கண்ணாடியிலோ பாறையிலோ மோதாமலும், உடல் ஜன்னல் வழியே வெளியே போகாமலும் தடுக்கும். ஆனால் கார் உருள்வதை உணரும் சென்சார் எல்லாக் கார்களிலும் இல்லை. வாங்கும்போது கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நம் நாட்டில் 2022 ஜனவரியில் ஆறு ஏர்பேக் கட்டாயம் என்ற வரைவு விதி வந்தது. கர்ட்டன் ஏர்பேக்கும் அதில் அடக்கம். பிறகு ஓர் ஆண்டு தள்ளிப்போய், 2023-இல் கட்டாயம் இல்லை என்று அமைச்சர் அறிவித்தார். அந்த அக்டோபரில் தொடங்கிய பாரத் என்கேப் மதிப்பீட்டில் 3 நட்சத்திரமோ அதற்கு மேலோ பெற, கார் பக்கவாட்டில் கம்பத்தில் மோதும் சோதனையையும் சந்திக்க வேண்டும். ஆக, விதி கேட்காததை இப்போது நாம்தான் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

ஒன்றை மறக்க வேண்டாம். 2022 செப்டம்பரில் பால்கர் விபத்தில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரியும் உடன் வந்தவரும் உயிரிழந்தார்கள். பின்சீட்டில் இருந்த அவர்கள் பெல்ட் போடவில்லை என்று காவல்துறை சொன்னது. பெல்ட் நம்மை இடத்தில் பிடித்து வைத்தால்தான் திரைக்கு வேலை. பின்சீட்டிலும் பெல்ட் போடுவது சட்டம், தவறினால் 1,000 ரூபாய் அபராதம்.

மலையேறும் முன் இவற்றைப் பாருங்கள். மேல் கைப்பிடியில் கனமான ஹேங்கரை மாட்டாதீர்கள். திரை விரியும்போது அது தலையில் பாயும். சீட்டின் ஓரத்தில் ஏர்பேக் இருந்தால் அதை மூடும் சீட் கவர் வேண்டாம். குழந்தையை ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்க விடாதீர்கள். டேஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு அணையாமல் எரிந்தால், முதலில் சர்வீஸ் சென்டர், பிறகு கொடைக்கானல்.

பயணம் நலமாக அமையட்டும்.