குளக்கரை வாடிகள்: வன்னியில் காட்டுத் தங்கலின் வரலாறு

வன்னியில் மனிதர் கைபடாத ஏரியைத் தேடிச் செல்பவர் பெரும்பாலும் ஏமாற்றமே அடைவர். ஏனெனில் அடர்காட்டின் நடுவே, வண்டிப்பாதை எட்டாத இடத்தில், முதலையும் நீர்க்காகமும் மட்டுமே குடியிருக்கும் நீர்ப்பரப்பாகத் தோன்றுவதுகூட, பழைய காலத்தில் யாரோ மண் சுமந்து கட்டிய குளமாகவே இருக்கும். வவுனியாவிலிருந்து மன்னார் செல்லும் வீதியின் பக்கத்தே அமைந்த நெளுக்குளத்தையும் அதன் அயலூர்களான வேப்பங்குளம், கூமாங்குளம், பண்டாரிகுளம், பூவரசங்குளம் என்பவற்றையும் ஒருசேரச் சொல்லிப் பார்த்தாலே, இந்நிலத்தில் ஊர் என்பதும் குளம் என்பதும் நெடுங்காலம் ஒரே பொருளில் வழங்கியமை விளங்கும். மேற்கே வில்பத்துக் காட்டில் உள்ள, மழைநீர் தேங்கும் இயற்கைப் பள்ளங்களாகிய வில்லுகளே இதற்கு அருகில் உள்ள குறிப்பிடத்தக்க விதிவிலக்கு.

வன்னிக் குளத்தின் உறுப்புகளுக்கு மக்கள் வழங்கும் பெயர்களை முதலில் அறிந்துகொள்வது நல்லது. சரிவான நிலத்தில் ஓடும் சிற்றாற்றையோ மழைநீரையோ மறித்து எழுப்பும் மண்ணணை கட்டு எனப்படும். அக்கட்டின் அடியில் வயலுக்கு நீர் திறக்கும் மதகு துருசு. நீர் மிகும்போது கட்டு உடையாமல் வழிந்தோடுவதற்கு விடப்பட்ட இடம் வான். கட்டுக்கு எதிர்ப்புறத்தில், மாரியில் நீர் ஏறியும் கோடையில் இறங்கியும் செல்லும் ஆழமற்ற ஓரம் அலைகரை. கட்டின் பக்கம் ஊரும் வயலும், அலைகரையின் பக்கம் காடு என்பதே வழமையான அமைப்பு. வேட்டைக்காரரும் மாடு மேய்ப்போரும் தேன் எடுப்போரும் இரவு தங்கிய வரலாறு பெரும்பாலும் அலைகரையின் வரலாறே. ஊரவர் கட்டில் நின்று பார்த்தால், அது குளத்தின் மறுகரையில், நீருக்கு அப்பால் கிடக்கும் வேறோர் உலகம்.

இக்காடு எப்போது வந்தது என்ற வினாவுக்கு விடை குளங்கள் கைவிடப்பட்ட வரலாற்றில் உள்ளது. 1215இல் கலிங்க மாகனின் படையெடுப்போடு பொலன்னறுவை அரசு சரிந்த பின்னர், பெருங்குளங்களைப் பேணும் மத்திய ஆட்சி இல்லாது போயிற்று. கட்டுகள் உடைந்தன, வயல்கள் காடாயின, உடைந்த குளத்தின் தாழ்ந்த பகுதியில் மட்டும் மாரிநீர் நின்றது. இடையே எழுந்த வன்னியர் தலைமைகள் சிறுகுளங்களைச் சார்ந்தே வாழ்ந்தன. போர்த்துக்கேயருக்கும் ஒல்லாந்தருக்கும் அவர்கள் செலுத்திய திறை நெல்லாக அல்லாமல் யானைகளாக அமைந்ததே, நிலத்தில் வயலைவிடக் காடு மிகுந்துவிட்டதற்குச் சான்று எனலாம். இவற்றோடு காய்ச்சலும் சேர்ந்தது. தேங்கிய நீரில் பெருகிய நுளம்பால் மலேரியா நிலைத்தது. 1934-35இல் இலங்கையை உலுக்கிய கொள்ளைநோய் வரையும், 1946 முதல் டீ.டீ.ரீ. தெளிக்கப்படும் வரையும், வன்னியில் இரவு தங்குவது என்பது உயிரைப் பணயம் வைக்கும் செயலாகவே யாழ்ப்பாணத்தாருக்குத் தோன்றிற்று. ஆகவே குளத்தைச் சூழ்ந்த காடு குளத்திலும் இளையது. அதை ஆதிக்காடு என்று வருணிப்பது அழகாக இருக்கலாம், வரலாறாக இராது.

இந்த இளைய காட்டுக்குள் போனவர்கள் ஓய்வு தேடிப் போகவில்லை. வைகாசி தொடங்கிப் பாலைப்பழம் பழுக்கும் காலத்தில் பழம் பொறுக்கவும், தேன் எடுக்கவும், எருமைப் பட்டியைப் புல் உள்ள அலைகரைக்குச் சாய்க்கவும், மான் மரை வேட்டையாடவும் ஆடவர் சிறு குழுக்களாகச் சென்றனர். அவர்கள் தங்கிய இடம் வாடி. இச்சொல் இலங்கைத் தமிழில் பருவகாலத் தொழிலுக்காக எழுப்பப்படும் தற்காலிகக் குடிலையும் குடில்களின் தொகுதியையும் குறிக்கும்; முல்லைத்தீவுக் கடற்கரையில் பருவத்துக்கு வந்து தொழில் செய்யும் மீனவரின் குடியிருப்பும் வாடியே. காட்டு வாடிக்குக் கவர்விட்ட கப்புகள் நான்கு, குறுக்கே தடிகள், மேலே இலுக்குப் புல் அல்லது இலைகுழை, கட்டுவதற்குக் காட்டுக்கொடி என்பவற்றைத் தவிர வேறெதுவும் வேண்டியதில்லை. யானை நடமாடும் இடமாயின் குடிலைத் தரையில் அமைக்காமல், வலிய மரத்தின் கவரில் பரண் கட்டுவர். பயிர்க்காவலுக்கு வயலில் கட்டும் பரணும் இதே அமைப்புடையது. இரவு முழுவதும் அணையாத நெருப்பு ஒன்று எரியும். அது கரடிக்கும் யானைக்கும் எச்சரிக்கை, நுளம்புக்குப் புகை, இறைச்சிக்கு வத்தல்.

கோடை முற்றிக் குளம் சேறாகும்போது குடிநீருக்குப் பூவல் எடுத்தனர். பூவல் என்பது குளத்து அடிமணலில் கையாலோ சிரட்டையாலோ தோண்டும் சிறு ஊற்றுக்குழி. குளத்து நீர் கலங்கி நாறும் வேளையிலும், மணலில் ஊறிய பூவல் நீர் தெளிந்திருக்கும். வேட்டை இறைச்சியை வத்தலாக்கியும், தேனில் ஊறவைத்தும் வீட்டுக்குக் கொணர்ந்தனர். நீர் மேலும் வற்றிய நாள்களில் ஊரே திரண்டு குளத்தில் இறங்கி, அடியும் வாயும் திறந்த கூடையாகிய கரப்பைச் சேற்றில் குத்தி விரால் பிடித்தது. அந்த ஒருசில நாள்களில் மட்டும் வாடி ஆடவரின் தனி இடமாக இருப்பது நின்று, பெண்களும் பிள்ளைகளும் புழங்கும் இடமாக மாறும்.

காட்டின் எல்லையைக் கடக்கும்போது பச்சைக் குழையொன்றை முறித்து வழியோர மரக்கிளையில் தொங்கவிட்டுச் செல்வது வழக்கம். வன்னியில் ஐயனாரும் பிள்ளையாரும் காட்டுக்கும் குளத்துக்கும் காவலர். ஐயனாரின் இடம் பெரும்பாலும் குளக்கட்டில், ஒரு மரத்தடியில், கூரையற்ற கல்லாகவே இருக்கும். கோயிலை ஊரின் நடுவில் வையாது கட்டின்மேல் வைத்ததில், ஊரின் உயிர் எங்கே உள்ளது என்பது பற்றிய தெளிவான கணிப்பு இருந்தது. சிங்களக் கிராமங்களிலும் இதே தெய்வம் ஐயநாயக்க என்ற பெயரில் குளத்தைக் காப்பதை ஹென்றி பார்க்கர் எழுதியுள்ளார். கட்டு உடைவது பற்றிய அச்சத்துக்கு மொழி வேறுபாடு இல்லை.

ஹென்றி பார்க்கர் 1873 முதல் 1904 வரை இலங்கை நீர்ப்பாசனத் துறையில் பணிபுரிந்தவர். 1909இல் வெளியான தமது ‘பண்டைய இலங்கை’ என்னும் ஆங்கில நூலில் பழைய குளங்களின் கட்டமைப்பை ஒரு பொறியியலாளரின் கண்ணால் ஆராய்ந்தார். மாங்குளத்துக்கு மேற்கேயுள்ள வவுனிக்குளத்தின் செங்கற்களை அளந்து, அவற்றின் பருமனைக் கொண்டு அக்குளத்தை மிகப் பழையதெனத் தீர்மானித்து, கி.மு. 2ஆம் நூற்றாண்டுக்குரிய பெலிவாபி என்னும் குளம் அதுவே என்று அவர் கருதினார். அவரது அடையாளங்காணல் விவாதத்துக்குரியதாயினும், உடைந்த குளத்தின் காட்டுக்குள் கூடாரமிட்டுச் செங்கல்லை அளப்பதற்கு ஓர் அதிகாரி மெனக்கெட்டார் என்பதே முக்கியமானது. அவருக்கு முன்னர் 1867 வரை நெடுங்காலம் வடமாகாண அரசாங்க அதிபராக விளங்கிய டைக், சுற்றுப்பயணத்தையே ஆட்சிமுறையாக்கிக்கொண்டவர். 1895இல் வன்னி மாவட்டங்களைப் பற்றிய கையேட்டை எழுதிய ஜே. பீ. லூயிஸ், குளங்களையும் ஊர்வழக்குகளையும் தொகுத்தவர். இவ்வதிகாரிகளின் தங்கலுக்குக் கன்வஸ் கூடாரமும் மடிப்புக்கட்டிலும் சமையற்காரரும் மாட்டுவண்டியும் தேவைப்பட்டன. வழிகாட்டியாகச் சென்ற உள்ளூர்க்காரர் நெருப்பருகே தரையில் படுத்தார். இரண்டும் ஒரே குளக்கரையில், ஒரே இரவில் நடந்தவை. நூல்களில் எஞ்சியது கூடாரத்தின் கதை மட்டுமே.

வாடிக்காரர் குளத்தைக் கடந்த விதம் தனியே கவனிக்கத்தக்கது. ஊர்ச் சிறுகுளத்தில் மரக்கலத்துக்கு இடமே இல்லை. ஆண்டில் பாதி நாள் நீர் இடுப்பளவும் இராது. தேவை வந்தபோது காய்ந்த மரங்களைச் சேர்த்துக் கட்டிய தெப்பத்தில் ஏறித் தடியால் ஊன்றிச் சென்றனர். ஒரே மரத்தைக் குடைந்து செய்யும் வள்ளம் வடக்கில் கடலோரத்துக்குரிய கலம். அதற்கான பெருமரங்கள் மலையாளக் கரையிலிருந்து குடைந்த நிலையிலேயே வந்தன. உள்நாட்டில் நிலைமையை மாற்றியவை புதிய நீர்த்தேக்கங்கள். இரணைமடு 1902இல் தொடங்கி 1920இல் நிறைவுற்றது. சுதந்திரத்தின் பின்னர் 1950களில் வவுனிக்குளமும் பதவியாவும் மீளக் கட்டப்பட்டன. காட்டை முழுதாக வெட்டாமலே நீரை ஏற்றியதால், மூழ்கிய மரங்கள் பட்டுப்போய் நெடுங்காலம் நீரின் நடுவே நின்றன. அலைகரையின் காடு நீருக்குள் விரல்களைப் போல நுழைந்து, நடந்து போக இயலாத கரைகளை உண்டாக்கிற்று. அங்கே கலத்தால் மட்டுமே செல்ல முடியும் என்ற நிலை அப்போதுதான் பிறந்தது.

அதே காலத்தில், 1952இல், திலாப்பியா இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. வன்னி மக்கள் யப்பான் மீன் என்று சொல்லும் இம்மீன், தேங்கிய நீரில் பெருகிப் பழைய கரப்புத் தொழிலைச் சந்தைத் தொழிலாக்கியது. கடற்கரையில் பழகிய, பக்கமிதவை பூட்டிய சிறு தோணிகள் நீர்த்தேக்கங்களுக்கு ஏறின. முதலில் மரத்தாலும் பின்னர் கண்ணாடியிழையாலும் ஆன அவற்றில் இருவர் அமர்ந்து செவுள்வலை விரித்தனர். தோணி வாங்க இயலாதவர் லொறி ரியூப்பில் காற்றடைத்து, அதன்மேல் அமர்ந்து வலையிழுத்தனர். முதலை வாழும் குளத்தில் அது துணிவா வறுமையா என்று பிரித்துச் சொல்வது கடினம். 1990இல் அரசு நன்னீர் மீன்பிடிக்கான ஆதரவை நிறுத்தி 1994இல் மீண்டும் தொடங்கியது; அந்நாள்களில் வன்னிக்கு அரசின் ஆதரவைவிட உள்நாட்டு யுத்தமே பெரிய செய்தி.

வன்னியில் தொழிலாகவே நின்ற இவ்வழக்கத்துக்கு மாறாக, வட அமெரிக்காவில் தோணியில் ஏரி கடந்து காட்டில் தங்குவது விடுமுறைப் பண்பாடாக வளர்ந்ததும், கனடாவில் 1893இல் அல்கொன்குயின் பூங்கா நிறுவப்பட்டதும், அமெரிக்காவில் 1964இல் காட்டுநிலச் சட்டம் இயற்றப்பட்டதும் பரவலாக அறியப்பட்டவை. அங்கும் பூர்ச்சமரப் பட்டைத் தோணி அந்நிலத்தின் பழங்குடியினர் பிழைப்புக்காகச் செய்த கலமே. பின்னர் வந்தவர் அதில் ஏறி, அந்நிலத்தை ஆளற்ற இடம் என்று அழைத்தனர். வன்னியில் இந்த மாற்றம் நிகழாமைக்குச் சுற்றுலா வசதியின்மை ஒரு காரணமாயினும், வலிய காரணம் வேறு: கூடாரம் என்ற சொல்லுக்கே இங்கு வேறு நினைவு ஏறிவிட்டது.

1995 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தின் வலிகாமத்திலிருந்து தொடங்கிய பேரிடப்பெயர்வின் தொடர்ச்சியாகப் பெருந்தொகையினர் வன்னிக்கு வந்து, குளக்கட்டுகளின் கீழும் காட்டோரங்களிலும் தறப்பாள் கொட்டில்களில் வாழ்ந்தனர். நீருக்கு அருகே தங்க வேண்டும், மரத்தின் கீழ் மறைய வேண்டும், பூவல் தோண்டத் தெரிய வேண்டும் என்ற வாடிக்காரரின் அறிவு முழுவதையும், காட்டையே அறியாத பட்டினத்துப் பிள்ளைகள் சில வாரங்களில் கற்கும் நிலை ஏற்பட்டது. 2009இல் யுத்தத்தின் முடிவில் வவுனியாவின் புறத்தே பாடசாலைகளும் கல்வி நிலையங்களும் முகாம்களாக்கப்பட்டபோது நெளுக்குளமும் அவற்றுள் ஒன்றாயிற்று. செட்டிகுளத்தின் மெனிக் பாமில் வெட்டிய காட்டில் வரிசையாக எழுந்த கூடாரங்கள் 2012 செப்டெம்பர் வரை இருந்தன. அதன்பின் வன்னியில் முகாம் என்று சொன்னால் முட்கம்பியே முதலில் நினைவுக்கு வரும்.

வாடி என்ற சொல்லோ இவ்விடிபாடுகளுக்குத் தப்பிவிட்டது. வவுனிக்குளத்திலும் ஏனைய பெருங்குளங்களிலும் நன்னீர் மீனவர் இன்றும் கரையில் வாடி அமைத்துத் தங்கி, பின்னேரம் தோணியில் சென்று, பட்ட மரக்கட்டைகளில் சிக்காதபடி பார்த்து வலையைப் போட்டுவிட்டு, விடியுமுன் அதை எடுக்கின்றனர். வலை எடுத்த தோணி கட்டுக்கு வரும்போது, மோட்டார் சைக்கிளில் மீன்பெட்டி கட்டிய வியாபாரிகள் அங்கே காத்து நிற்பர்.