விசையுந்துப் பொறியின் பிறழ் ஒலிகள்

விசையுந்துப் பொறியின் பிறழ் ஒலிகள் என்பன இருசக்கர விசையுந்தின் உள் எரி பொறி வழக்கமாக எழுப்பும் ஓசைக்கு மாறாகத் தோன்றும் தட்டல், கிலுகிலுப்பு, உராய்வு, ஊளை முதலிய ஒலிகள் ஆகும். இவ்வொலிகளைக் கேட்டுப் பழுதின் இடத்தையும் தன்மையையும் கண்டறிவது பட்டறைத் தொழிலின் முதன்மைத் திறன்களுள் ஒன்று. ஒலியின் உரப்பைக் காட்டிலும் அது எந்நிலையில் எழுகிறது, எத்தனை சுற்றுக்கு ஒரு முறை எழுகிறது, பொறி சூடேறும்போதும் சுமை ஏறும்போதும் என்னவாகிறது ஆகியவையே பழுதை அறிய உதவுகின்றன. உரத்த ஒலி சில வேளைகளில் எளிய சரிசெய்தலோடு தீர்ந்துவிடும். பொறியை அழிக்கக்கூடிய கேடுகளுள் சில ஒலியே எழுப்புவதில்லை.

ஒலியும் சுழற்சியும்

நான்கு வீச்சுப் பொறியில் கிராங்க் தண்டு இரண்டு சுற்றுச் சுற்றும்போது கேம் தண்டு ஒரு சுற்றே சுற்றுகிறது. எனவே பொறியின் உறுப்புகள் எழுப்பும் ஒலிகள் இரு வகைத் தாளங்களில் அமைகின்றன. எடுத்துக்காட்டாக, நிமிடத்திற்கு 1,200 சுற்று என்ற வெறும் ஓட்டத்தில் கிராங்க் தண்டு நொடிக்கு 20 முறை சுற்றும். ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 10 முறையே திறந்து மூடும். சைலன்சரில் வெளியேறும் புகைத் துடிப்பும் நொடிக்கு 10 தான். ஆகவே புகைத் துடிப்பு ஒன்றுக்கு ஒரு தட்டல் கேட்டால் வால்வு அமைப்பையும், இரண்டு தட்டல் கேட்டால் கிராங்க் தண்டையும் அதனோடு இணைந்த உறுப்புகளையும் முதலில் ஐயுறலாம்.

நொடிக்குப் பத்து, இருபது என்று காதால் எண்ண இயலாது. ஆனால் ஒரு தாளம் மற்றொன்றைவிட இரு மடங்கு விரைவானது என்பதைப் பழகிய காது எளிதில் உணரும். வெறும் ஓட்ட வேகத்தைச் சற்றுக் குறைத்துக்கொண்டு, கையைச் சைலன்சரின் வாயருகே வைத்துத் துடிப்பை உணர்ந்தபடி தட்டலைக் கேட்பது பயனுள்ள முறை. உட்செலுத்து வால்வு, வெளியேற்று வால்வு ஆகிய இரண்டும் ஒரே நேரத்தில் தளர்ந்திருந்தால் துடிப்பு ஒன்றுக்கு இரு தட்டல் கேட்கும் என்பது இங்கு ஒரு சிக்கல். எனினும் அவ்விரண்டின் இடைவெளி சீராக இராது. கிராங்க் தண்டின் தட்டல் சீரானது.

கேட்கும் முறை

ஆராய்வதற்கு முன் எண்ணெய் மட்டத்தைப் பார்த்துவிட வேண்டும். 100 சிசி வண்டிகள் பலவற்றில் பொறி எண்ணெய் ஏறத்தாழ ஒரு லிட்டர் அளவே இருப்பதால், கால் லிட்டர் குறைந்தாலும் மேல்தலைப் பகுதி ஒலிக்கத் தொடங்கலாம். குறைவான எண்ணெயுடன் பொறியை ஓடவிட்டு ஒலியை ஆராய்வது அப்பழுதையே பெரிதாக்கும்.

அடுத்து, ஒலியை மீண்டும் எழச் செய்யும் நிலையைக் கண்டறிய வேண்டும். காலையில் முதல் உதையில் கேட்கும் ஒலியைத் தேடி, பத்து கிலோமீட்டர் ஓடிச் சூடேறிய வண்டியைப் பட்டறையில் நிறுத்திப் பயனில்லை. அத்தகைய வண்டியை முதல் நாள் இரவே பட்டறையில் விட்டுவிடும்படி கேட்கும் பணியாளர் தம் தொழிலை அறிந்தவர் எனலாம்.

இடத்தை அறிய நீண்ட திருப்புளி ஒன்றே போதும். அதன் நுனியைப் பொறியின் மேல் வைத்துப் பிடியைக் காதருகே எலும்பில் அழுத்தினால் உலோகத்தின் வழியே வரும் அதிர்வு தெளிவாகக் கேட்கும். பிரெஞ்சு மருத்துவர் லென்னெக் 1816இல் உருவாக்கிய ஸ்டெதாஸ்கோப்பின் கோட்பாடும் ஏறத்தாழ இதுவே. அதன் முனையில் உலோகக் கம்பி பொருத்திய வடிவம் பொறிகளுக்கெனக் கடைகளில் கிடைக்கிறது. தளர்ந்த உடை, துண்டு, நீண்ட முடி ஆகியவை ஓடும் சங்கிலியின் அருகே செல்லாதவாறு பார்த்துக்கொள்ள வேண்டும்.

டேப்பட் ஒலி

பட்டறைகளில் மிகுதியாகப் பேசப்படுவது டேப்பட் ஒலி. வால்வுத் தண்டுக்கும் அதனைத் தள்ளும் நெம்புக்கும் இடையே ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு இடைவெளி விடப்படுகிறது. சூட்டில் வால்வு நீளும்போது அது முழுமையாக மூடிக்கொள்ள இவ்விடைவெளி தேவை. தேய்மானத்தால் இடைவெளி பெருகினால் நெம்பு வால்வை அடிக்கும் ஓசை, தையல் இயந்திரத்தின் ஓசை போல, மேல்தலையிலிருந்து இலேசாகவும் கூர்மையாகவும் கேட்கும்.

இவ்வொலியை அறவே ஒழிக்க விரும்பும் உரிமையாளர்கள் பலர். அவ்விருப்பத்திற்கு இணங்கி இடைவெளியை அளவுக்கு மேல் இறுக்கினால் பொறி அமைதியாகிவிடும். ஆனால் சூடேறியதும் வெளியேற்று வால்வு தன் இருக்கையில் முழுமையாக அமராது. வால்வு தன் வெப்பத்தின் பெரும்பகுதியை இருக்கையின் வழியாகவே மேல்தலைக்குக் கடத்துகிறது. அத்தொடர்பு இல்லாதபோது அதன் விளிம்பு எரிந்து, பொறியின் அழுத்தம் குறைந்து, இழுவை போய்விடுகிறது. இலேசான தட்டலோடு ஓடும் பொறியைக் காட்டிலும், இறுக்கப்பட்டு ஓசையின்றி ஓடும் பொறியே அஞ்சத்தக்கது. இடைவெளி குறைவதை எந்த ஒலியும் அறிவிக்காது. குறித்த தொலைவுக்கு ஒரு முறை குளிர்ந்த பொறியில் அளவுத் தகடு கொண்டு அளந்தே அறிய வேண்டும்.

தமிழ்நாட்டில் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு புல்லட் விசையுந்து. 1955இல் சென்னையில் நிறுவப்பட்ட என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் திருவொற்றியூர் ஆலையில் நெடுங்காலம் உருவாக்கிய 346 சிசி வார்ப்பிரும்புப் பொறியின் உருளை விட்டம் 70 மி.மீ., வீச்சு நீளம் 90 மி.மீ. ஆகும். அதில் வால்வுகள் நீண்ட தள்ளுதண்டுகளால் இயக்கப்பட்டன. பொறி குளிர்ந்திருக்கையில் தள்ளுதண்டு விரலால் தடையின்றிச் சுழலவும், மேலும் கீழும் ஆடாமலும் இருக்குமாறு அதனைச் சரிசெய்வது வழக்கம். அளவுத் தகட்டுக்கு மாறாக விரலையே கருவியாகக் கொண்ட முறை இது. 2000களின் இறுதியில் வந்த ஒருங்கிணைந்த அலுமினியப் பொறியில் எண்ணெய் அழுத்தத்தால் தானே சரிசெய்துகொள்ளும் டேப்பட்டுகள் இடம்பெற்றன. ஆகவே அப்பொறியில் தொடர்ந்து டேப்பட் ஒலி எழுந்தால் எண்ணெயின் அளவையும் அழுத்தத்தையும் பார்க்க வேண்டும்.

புல்லட்டின் புகழ்பெற்ற துடிப்போசையை மெதுவாக்குவதற்காக வெறும் ஓட்ட வேகத்தை மிகக் குறைத்து வைப்போர் உண்டு. எண்ணெய் இறைப்பி பொறியின் சுழற்சியாலேயே இயங்குவதால், ஓசைக்கென வேகத்தைக் குறைப்பது எண்ணெய் வரத்தையும் குறைக்கிறது.

டேப்பட் ஒலி போலவே ஏமாற்றுவது சைலன்சர் குழாய் மேல்தலையோடு இணையும் இடத்தில் ஏற்படும் கசிவு. அதுவும் துடிப்பு ஒன்றுக்கு ஒரு முறை 'டிக்' என்றே ஒலிக்கும். இணைப்பில் கரும்புகைப் படிவு தெரிந்தால், அல்லது அங்குச் சோப்பு நீரைத் தடவிப் பொறியை இயக்கியதும் குமிழிகள் எழுந்தால் கசிவு உறுதி. சில ரூபாய் விலையுள்ள வளையத்தை மாற்றித் தீர்க்க வேண்டிய இதற்காக மேல்தலையைக் கழற்றும் நிலையும் நேர்கிறது.

பிஸ்டன் ஒலி

குளிர்ந்த பொறியை இயக்கியவுடன் மங்கிய தட்டல் கேட்டு, சூடேறச் சூடேற மறைந்தால் அது பிஸ்டன் உருளைச் சுவரில் மோதும் ஒலியாகும். அலுமினியம் வார்ப்பிரும்பைப் போல ஏறத்தாழ இரு மடங்கு விரிவடைகிறது. 70 மி.மீ. விட்டமுள்ள பிஸ்டனும் வார்ப்பிரும்பு உருளையும் ஒரே அளவாக 100 பாகை சூடேறினால், பிஸ்டன் சுமார் 0.16 மி.மீ. பெருக்கும், உருளை சுமார் 0.08 மி.மீ. பெருக்கும். குளிரில் இருந்த இடைவெளியில் 0.08 மி.மீ. இவ்வாறு அடைபட்டுவிடுகிறது. ஆகவே ஓரிரு நிமிடங்களில் மறையும் ஒலிக்காகக் கலங்க வேண்டியதில்லை. சூடேறிய பின்னும் நீடித்து, நீலப் புகையும் சேர்ந்தால் "போர் போய்விட்டது" என்பர். உருளையை லேத் பட்டறையில் கடைந்து பெரிய அளவுப் பிஸ்டன் பொருத்துவதே அதற்குத் தீர்வு.

இணைப்புத் தண்டின் ஒலி

அனைத்திலும் பேரிடர் மிக்கது இணைப்புத் தண்டின் கீழ்முனைத் தாங்கி தேய்ந்து எழும் கனத்த 'டொக் டொக்' ஒலி. இது பொறியின் அடிப்பகுதியிலிருந்து வரும். எண்ணெய் சூட்டில் நீர்ப்பதால், பிஸ்டன் ஒலிக்கு நேர்மாறாக, சூடேறச் சூடேற இது வலுக்கும். முடுக்கியைத் திறந்து உடனே மூடும் நொடியில் தெளிவாகக் கேட்கும். இவ்வொலியுடன் வண்டியை வீடுவரை ஓட்டிச் செல்வதும் தவறு. தண்டு முறிந்தால் பொறிப் பேழை உடையலாம். பொறி இறுகி நின்றால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சறுக்கும். அவ்வாறு நேர்கையில் உடனடியாகக் கிளட்சைப் பிடிப்பதே உயிர்காக்கும் செயல்.

உருளையைக் கழற்றிய பின் இணைப்புத் தண்டை மேலும் கீழும் அசைத்துப் பார்த்து இதனை உறுதி செய்யலாம். பக்கவாட்டில் சிறிது அசைவு இயல்பானது. மேல்கீழ் அசைவு உணரும் அளவுக்கு இருத்தல் கூடாது.

எரிதல் தட்டல்

தேய்மானம் எதுவும் இல்லாத பொறியிலும் எழக்கூடிய ஒலி இது. பட்டறைகளில் நாக்கிங் எனப்படும். உருளையினுள் சுடர் பரவி முடிவதற்குள் எஞ்சிய கலவை தானே ஒருசேர வெடித்து, அழுத்த அலைகள் சுவரிலிருந்து சுவருக்கு மோதுகின்றன. தகரக் குவளையில் கூழாங்கற்களைக் குலுக்கியது போன்ற இவ்வொலியின் அதிர்வெண் உருளையின் விட்டத்தைப் பொறுத்தது. 70 மி.மீ. விட்டத்திற்கு நொடிக்கு ஏறத்தாழ 7,000 முதல் 8,000 அதிர்வுகளும், 50 மி.மீ. விட்டமுள்ள 100 சிசி பொறிக்கு ஏறத்தாழ 11,000 அதிர்வுகளும் எனக் கணக்கிடலாம். வயதானோர் காதுக்கு இரண்டாவது எளிதில் எட்டாது.

மதுரையைச் சுற்றியுள்ள சமவெளியில் இத்தட்டல் மறைந்தே இருக்கக்கூடும். சமணர் மலை அடிவாரத்துக் கீழக்குயில்குடியிலிருந்து நகருக்கு ஒருவராகச் சென்று வரும் வண்டியின் முடுக்கி முழுமையாகத் திறக்கப்படுவது அரிது. அதே வண்டி இருவரைச் சுமந்து கொடைக்கானல் மலைச்சாலையில் ஏறத் தொடங்கியதும், குறிப்பாகச் சூடு மிகுந்த கீழ்வளைவுகளில், கிலுகிலுக்கத் தொடங்கும். ஒரு கியர் குறைத்தவுடன் ஒலி நின்றால் அது எரிதல் தட்டலே. மண்ணெண்ணெய் கலந்த பெட்ரோல், முந்திய தீப்பொறி நேரம், உருளைத் தலையில் படிந்த கரி, பெட்ரோல் குறைந்த கலவை, மிகு வெப்பம் ஆகியவை காரணங்கள். நீடித்தால் பிஸ்டனின் தலையில் துளை விழும்.

இரு வீச்சுப் பொறிகள்

மதுரையில் 1911இல் தொடங்கிய டி.வி.எஸ். குழுமம் 1980இல் ஓசூரிலிருந்து வெளியிட்ட டி.வி.எஸ். 50, பின்னர் வந்த யமாகா ஆர்.எக்ஸ். 100 ஆகியவை இரு வீச்சுப் பொறி கொண்டவை. இவற்றில் டேப்பட் இல்லை. எனவே மேல்பகுதியில் கேட்கும் தட்டல் பிஸ்டன், பிஸ்டன் ஊசி அல்லது அதன் ஊசித் தாங்கியிலிருந்தே வர இயலும். கிராங்க் தண்டின் முதன்மைத் தாங்கிகள் தேய்ந்தால் வேகத்தோடு சேர்ந்து உயரும் ஊளை கேட்கும்.

பொறியைச் சாராத ஒலிகள்

கியரை நடுநிலையில் வைத்துக் கிளட்சைப் பிடித்தால் கியர் பெட்டியின் உள்தண்டு நின்றுவிடும். அப்போது மறையும் ஒலி கியர் பெட்டியின் தாங்கியைச் சேர்ந்தது. கிளட்சைப் பிடிக்கும்போது மட்டும் எழும் ஒலி கிளட்சின் விடுவிப்புத் தாங்கியைச் சேர்ந்தது. தளர்ந்த பொறித் திருகுகள், வறண்ட சங்கிலி, சைலன்சரின் உள்தடுப்பு முறிவு ஆகியவையும் பொறிப் பழுது போலவே ஒலிக்கும். காற்றால் குளிரும் பொறியின் மெல்லிய குளிர்விதழ்கள் குறிப்பிட்ட வேகத்தில் மணிபோல அதிர்வதும் உண்டு. இதழ்களுக்கிடையே செருகப்பட்டிருக்கும் சிறு ரப்பர்த் துண்டுகள் இதனைத் தணிப்பதற்கானவை. வண்டியைக் கழுவும்போது இவை கழன்று விழுவதுண்டு.