மறதிநோய் ஆய்வில் மொழியின் பங்கு: ஆண்டாப் ஹில் தமிழ் முதியோர் கணக்கில் வருவது எப்படி?

மும்பை: இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேர், அதாவது சுமார் 88 லட்சம் பேர், டிமென்ஷியா எனப்படும் மறதிநோயுடன் வாழ்வதாக 2023-ஆம் ஆண்டு வெளியான தேசிய ஆய்வு மதிப்பிட்டுள்ளது. இந்த எண்ணிக்கை 2036-ஆம் ஆண்டில் 1.69 கோடியாக உயரக்கூடும் என்றும் அந்த ஆய்வு தெரிவிக்கிறது. மறதிநோய்க்கு முதன்மையான காரணம் அல்சைமர் ஆகும்.

ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரங்களைவிடக் கிராமங்களிலும் பாதிப்பு அதிகம். மாநிலங்களுக்கிடையேயும் வேறுபாடு பெரிது: டெல்லியில் 4.5 சதவீதம், ஜம்மு காஷ்மீரில் 11 சதவீதம். ஆனால், மும்பையின் ஆண்டாப் ஹில், தாராவி, மாட்டுங்கா, செம்பூர் பகுதிகளில் தலைமுறைகளாக வாழும் தமிழ் முதியோரின் நிலையை மாநில சராசரியைக் கொண்டு அறிய இயலாது. 18 மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களில் 4,096 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வு, ஒரு நகரின் ஒரு மொழிச் சமூகத்தைத் தனியே எடுத்துக்காட்டும் அளவுக்குப் பெரிதன்று.

சோதனையில் தோன்றும் பிழை

மறதிநோயை ரத்தப் பரிசோதனை ஒன்றால் மட்டும் உறுதிசெய்யும் நிலை நம் நாட்டு மருத்துவமனைகளில் இன்னும் பரவலாகவில்லை. கேள்வி கேட்டு, விடைகளுக்கு மதிப்பெண் அளித்து, குடும்பத்தாரிடம் விசாரித்தே மருத்துவர்கள் முடிவுக்கு வருகின்றனர். மேலை நாடுகளில் உருவான சோதனைகளில் ஆங்கிலச் சொல்லொன்றைப் பின்னிருந்து எழுத்துக்கூட்டுதல், ஒரு வாக்கியம் எழுதுதல், தேதி கூறுதல் போன்றவை இடம்பெறும். பள்ளிக்குச் செல்லாத மூதாட்டி இவற்றில் தவறினால், தவறியது நினைவாற்றலா, கல்வி வாய்ப்பா என்பது தெரியாது.

இந்தச் சிக்கலுக்கு விடை தேடியவர்கள் ஹரியானா மாநிலம் பல்லப்கரில் பணியாற்றிய இந்திய, அமெரிக்க ஆய்வாளர்கள். அவர்கள் உருவாக்கிய இந்தி மனநிலைச் சோதனை 1995-ஆம் ஆண்டு வெளியானது. எழுத்துக்கூட்டுவதற்குப் பதிலாகக் கிழமைகளைப் பின்னிருந்து கூறச் சொல்வது போன்ற, எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் பொருந்தும் கேள்விகள் அதில் அமைந்தன. பின்னர், இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் நரம்பியல் அறிதிறன் சோதனைத் தொகுப்பு முதற்கட்டமாக இந்தி, வங்காளம், தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகிய 5 மொழிகளில் தரப்படுத்தப்பட்டது. தமிழும் மராத்தியும் அந்த முதற்பட்டியலில் இல்லை. தேசிய ஆய்வின் சோதனைகள் தமிழ், மராத்தி உள்பட 12 மொழிகளில் அமைக்கப்பட்டன.

வேலூர் உணர்த்திய பாடம்

உலகில் மறதிநோய் உள்ளவர்களில் 66 சதவீதத்தினர் வளரும் நாடுகளில் வாழ்ந்தபோதும், மக்கள் சார்ந்த ஆய்வுகளில் 10 சதவீதத்துக்கும் குறைவானவையே அந்நாடுகளில் நடந்தன. இதைச் சுட்டும் வகையில் '10/66' என்ற பெயருடன் ஓர் ஆய்வுக் குழு 1998-இல் கொச்சியில் உருவானது. சென்னை, வேலூர் ஆகிய இடங்களுடன் கியூபா, டொமினிக்கன் குடியரசு, பெரு, வெனிசுலா, மெக்சிகோ, சீனா ஆகிய நாடுகளிலும் இக்குழு வீடுவீடாக ஆய்வு நடத்தியது.

2008-இல் வெளியான முடிவுகள் குறிப்பிடத்தக்கவை. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் வரையறைப்படி, இந்தியக் கிராமப்புறத்தில் மறதிநோய் 0.3 சதவீதம் மட்டுமே, கியூபாவில் 6.3 சதவீதம். ஆனால், கல்வி, பண்பாட்டு வேறுபாடுகளைக் கருத்தில்கொண்ட 10/66 அளவுகோலின்படி, ஆய்வு நடந்த எந்த இடத்திலும் பாதிப்பு 5.6 சதவீதத்துக்குக் குறையவில்லை.

இந்த இடைவெளிக்கு முக்கியக் காரணம் குடும்பத்தாரின் பதில்கள் என ஆய்வாளர்கள் கருதினர். முந்தைய வரையறையின்படி, அன்றாட வாழ்வில் பாதிப்பு ஏற்பட்டதாக உறவினர் கூறினால்தான் நோய் உறுதியாகும். முதியோரிடம் பெரிய பொறுப்புகள் ஒப்படைக்கப்படாத வீட்டில் அப்பாதிப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை. 'வயதானால் மறதி வருவது இயல்பு' என்று குடும்பத்தார் கூறும்போது, நோயாளி கணக்கிலிருந்து விடுபடுகிறார்.

மும்பையின் முந்தைய கணக்கெடுப்பு

மும்பையில் 40 வயதைக் கடந்த 24,488 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2001-இல் வெளியானது. 65 வயதைக் கடந்தவர்களில் 2.44 சதவீதம் பேருக்கு மறதிநோயும், 1.5 சதவீதம் பேருக்கு அல்சைமரும் இருப்பதாக அது தெரிவித்தது. அதன்பின் நகரின் முதியோர் தொகை பெருகியுள்ளது. கண்டறியும் முறைகளும் மாறியுள்ளன.

ஆண்டாப் ஹில் முதியோர் பலர் வீட்டில் தமிழும், பணியிடத்தில் இந்தியும், சந்தையில் மராத்தியும் பேசி வாழ்ந்தவர்கள். இந்தப் பன்மொழித் திறனே தனி ஆய்வுக்கு உரியது. ஹைதராபாத் நிஜாம் மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் 648 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2013-இல் வெளியான ஆய்வு, இரு மொழி பேசுவோருக்கு மறதிநோய் சுமார் நாலரை ஆண்டுகள் தாமதமாகத் தொடங்கியதாகக் கண்டறிந்தது. எழுத்தறிவற்றோரிடமும் இவ்வேறுபாடு காணப்பட்டது. அதேவேளை, பன்மொழி பேசுபவரை அவருக்கு இரண்டாம் மொழியில் மட்டும் சோதித்தால் மதிப்பெண் குறைய வாய்ப்புள்ளது.

அமெரிக்க அனுபவம்

அமெரிக்காவில் ஸ்பானிய மொழி பேசும் பின்புலம் கொண்ட ஹிஸ்பானிக் முதியோருக்கு, வெள்ளையின முதியோரைவிட மறதிநோய் வரும் வாய்ப்பு சுமார் ஒன்றரை மடங்கு அதிகம் என மதிப்பிடப்படுகிறது. ஆயினும் மருந்துச் சோதனைகளில் அவர்களின் பங்கேற்பு நெடுங்காலமாகக் குறைவாகவே உள்ளது.

இக்குறையைப் போக்க, நியூயார்க்கின் வடக்கு மன்ஹாட்டனில் 1992 முதல் நடைபெறும் ஆய்வில் முதியோர் விரும்பும் மொழியில், ஸ்பானியத்திலோ ஆங்கிலத்திலோ, சோதனைகள் நடத்தப்படுகின்றன. அந்நாட்டின் தேசிய முதுமையியல் நிறுவனம் சிறுபான்மையினர் முதுமை ஆய்வுக்கான வள மையங்களை 1997-இல் தொடங்கியது. நிதி வழங்குவதோடு நில்லாமல், அந்தந்தச் சமூகங்களிலிருந்து இளம் ஆய்வாளர்களை உருவாக்குவதும் இம்மையங்களின் பணியாகும்.

தேவைப்படுவன

மும்பைத் தமிழரிடையே இதே அணுகுமுறையைப் பின்பற்ற மூன்று கூறுகள் இன்றியமையாதவை. முதலாவது, தமிழில் தரப்படுத்தப்பட்டு, கல்வி நிலைக்கேற்பத் திருத்தப்பட்ட சோதனைகள். இரண்டாவது, தமிழில் உரையாடிச் சோதனை நடத்தப் பயிற்சி பெற்ற செவிலியர், உளவியல் மாணவர், சமூகப் பணியாளர். மூன்றாவது, ஒருமுறை கணக்கெடுத்துவிட்டுச் செல்லாமல், ஆண்டுதோறும் அதே முதியோரைச் சந்தித்து, கண்டறிந்தவற்றைக் குடும்பத்தாருக்கும் தெரிவிக்கும் தொடர் ஆய்வு. சயான் பகுதியில் உள்ள லோகமான்ய திலகர் மாநகராட்சி மருத்துவமனையும் மருத்துவக் கல்லூரியும் இப்பகுதிகளுக்கு அருகிலேயே அமைந்துள்ளன.

ஆய்வுகள் வரும்வரை குடும்பத்தார் செய்யக்கூடியவையும் உண்டு. பழகிய தெருவில் வழி தவறுதல், ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டல், பணக் கணக்கில் திடீர்த் தடுமாற்றம் ஆகியவற்றை முதுமையின் இயல்பு என ஒதுக்காமல் மருத்துவரை அணுக வேண்டும். வைட்டமின் பி12 குறைபாடு, தைராய்டு கோளாறு, மனச்சோர்வு ஆகியவற்றாலும் மறதி ஏற்படலாம். அவை சிகிச்சைக்கு உட்பட்டவை.

செவித்திறன் குறைவு, உயர் ரத்த அழுத்தம், நீரிழிவு, புகைப்பழக்கம் உள்ளிட்ட 14 காரணிகளைக் கட்டுப்படுத்தினால், உலகில் சுமார் 45 சதவீத மறதிநோயைத் தடுக்கவோ தாமதப்படுத்தவோ இயலும் என 2024-இல் லான்செட் ஆணையம் கூறியுள்ளது. முதியோர் தொடர்பான ஆலோசனைகளுக்கு மத்திய அரசின் 14567 என்ற இலவச உதவி எண்ணைத் தொடர்புகொள்ளலாம்.